முட்டிவலிக்காரர் கையில் எந்த சென்சார்? பெங்களூர் முதியோர் ஆய்வுக்கு ஓர் ஒப்பீடு

அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கம் இருக்கும் அறுபத்தைந்து வயது தாண்டிய தமிழ்ப் பெரியவர்களை வைத்து ஒரு சின்ன ஆய்வு செய்யலாம் என்று வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த வாட்ச் வாங்கலாம்?" என்பதுதான். பிசியோதெரபி மாணவர்கள், முதியோர் மருத்துவம் பார்க்கும் டாக்டர்கள், பகல்நேர மையம் நடத்துகிறவர்கள் என்று யாரும் இதற்கு விலக்கில்லை. வலி, நடமாட்டம், நினைவும் கவனமும் ஆகிய மூன்றும் ஒருவருடைய அன்றாடத்தில் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். கையில் பணம் கொஞ்சம்தான். நான் வீடு வீடாகப் போகும் களப்பணிப் பக்கம் நிற்பவள். கருவியின் விளம்பரத் தாளைப் பார்ப்பதற்கு முன்னால் அதைக் கட்டப்போகும் கையைப் பார்ப்பது என் வழக்கம்.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலி கூடிய நாளன்று எந்தக் கருவி உடம்பை விட்டு இறங்காமல் இருக்குமோ அதை வாங்குங்கள். துல்லியம், விலை எல்லாம் அப்புறம். நன்றாக இருக்கும் நாளில் பாட்டி சார்ஜ் போட மறக்க மாட்டார். முட்டி வீங்கி, ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, காலையில் சார்ஜரைத் தேடி எழுந்து போக மாட்டார். அன்றைய தரவு போய்விடும். நாம் பார்க்க வந்ததே அந்த நாளைத்தான். மிச்சமிருக்கும் நல்ல நாட்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், வலிக்கும் நடமாட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றுகூட முடிவு வந்து நிற்கும்.

மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2017ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, 62 வயதும் அதற்கு மேலும் ஆன 10,065 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவை எடுத்துப் பார்த்தது. விடாத வலி இருந்தவர்களுக்கு நினைவாற்றல் குறையும் வேகம் மற்றவர்களைவிட 9.2 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2022ல் பிரிட்டனின் பயோபேங்க் திட்டத்தில் மணிக்கட்டுக் கருவி கட்டிய 78,430 பேரை வைத்து இன்னொன்று வந்தது. ஒரு நாளைக்கு 3,800 காலடி வைத்தவர்களுக்கே டிமென்ஷியா என்னும் மறதி நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. 9,800 அடி வாக்கில் அது மிகக் குறைவாக இருந்தது. இரண்டுமே தொடர்பைக் காட்டுகின்றன, காரணத்தை அடித்துச் சொல்லவில்லை. நினைவு மங்கத் தொடங்கியதால் நடை குறைந்திருக்கவும் கூடும்.

நம்மூரிலேயே, இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இருக்கும் மூளை ஆராய்ச்சி மையம் இரண்டு நீண்டகால ஆய்வுகளை நடத்துகிறது. ஒன்று கோலார் மாவட்டம் சீனிவாசபுராவில், 10,000 கிராமத்தாரை இலக்காக வைத்தது. மற்றது பெங்களூர் நகரத்தாரில் 1,000 பேரை இலக்காக வைத்தது. அந்த ஓட்டம் ஒரு சின்னக் குழுவால் ஆகாது, தேவையும் இல்லை. சின்னக் குழுவால் முடிவது சிலரை இரண்டு வாரம் நெருங்கிப் பார்ப்பது. வலி கூடின மறுநாள் நடை எவ்வளவு சுருங்குகிறது, தூக்கம் கெட்ட மறுநாள் கவனம் எவ்வளவு சிதறுகிறது என்பதையெல்லாம் ஆண்டுக்கொரு முறை கூப்பிட்டுச் சோதிக்கும் பெரிய ஆய்வுகளைவிட இது நன்றாகக் காட்டும். கருவியை இந்தக் கேள்விக்காகத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கடையில் கிடைக்கும் வாட்ச்

இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு பட்டை வாங்கிவிடலாம். அடி எண்ணிக்கை, இதயத் துடிப்பு, தூக்கம் எல்லாம் காட்டும். கட்டிவிட்டால் தாத்தாவுக்கும் பெருமை, அல்சூர் ஏரிக்கரையில் காலையில் நடப்பவர்களிடம் காட்டிக்கொள்ளலாம். சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. எண்ணைப் பார்த்தால் மனிதர் கூடுதலாக நடப்பார். வழக்கமாக எவ்வளவு நடக்கிறார் என்று அளக்க வந்த கருவி அந்த வழக்கத்தையே மாற்றிவிடுகிறது. நடக்க வைப்பதுதான் நோக்கம் என்றால் கொண்டாடலாம். உள்ளதை உள்ளபடி பார்ப்பது நோக்கம் என்றால் திரை இருப்பதே குறை.

நாளைக்குப் பத்தாயிரம் அடி என்ற இலக்கு வேறு. அது 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பரவியது, மருத்துவ ஆய்விலிருந்து வந்ததல்ல. சராசரி வயது 72 ஆன 16,741 அமெரிக்கப் பெண்களை வைத்து 2019ல் வந்த ஆய்வில், நாளைக்கு 2,700 அடி வைத்தவர்களைவிட 4,400 அடி வைத்தவர்களுக்கே இறப்பு வாய்ப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது; 7,500 அடிக்கு மேல் பலன் கூடவில்லை. இது தெரியாத வாட்ச், 4,000 அடி நடந்துவிட்டு வந்த எழுபது வயதுக்காரரைத் தினமும் சாயங்காலம் தோற்றவராக்கிப் படுக்கப் போகச் சொல்லும்.

இதைவிடப் பெரிய குறை, மெதுவாக நடப்பவர்களை இந்தப் பட்டைகள் சரியாக எண்ணுவதில்லை. கை வீச்சை நம்பித்தான் மணிக்கட்டுப் பட்டை அடியை எண்ணுகிறது. தடியைப் பிடித்த கை வீசாது. வாக்கரைப் பிடித்த கை, மாடிப்படிக் கம்பியைப் பிடித்த கை, பேத்தி தோளில் வைத்த கை எதுவும் வீசாது. வினாடிக்கு 0.8 மீட்டருக்குக் கீழே போகும் நடையில் இடுப்பில் மாட்டும் சாதாரண அடிமானிகளே தடுமாறுகின்றன. வலி அதிகமானவர்தான் மெதுவாக நடப்பவர், தடி பிடிப்பவரும் அவர்தான். ஆக, கருவியின் பிழை எல்லோர் மேலும் சமமாக விழுவதில்லை; யாரைப் பற்றி அறிய வந்தோமோ அவர் மேலேயே குவிகிறது. வலிக்காரர் நடப்பதே இல்லை என்று அது காட்டும்போது, அதில் எவ்வளவு அவருடைய முட்டி, எவ்வளவு கருவியின் பிழை என்று பிரிக்க முடியாது.

அப்புறம் கணக்கு விவகாரம். இந்த வாட்சுகள் மூல அசைவுத் தரவைப் பெரும்பாலும் கையில் தருவதில்லை. ஃபிட்பிட் போன்றவற்றில் நிமிடக் கணக்குவரை எடுக்கலாம். அதற்குமுன் உள்ளே என்ன கணக்குப் போட்டார்கள் என்பது நிறுவனத்துக்கு மட்டுமே தெரியும். ஆய்வு பாதியில் இருக்கும்போது அப்டேட் ஒன்று வந்தால் முதல் பாதி ஒரு கணக்கு, இரண்டாம் பாதி வேறு கணக்கு. அதோடு ஒரு போனும் மின்னஞ்சல் கணக்கும் வேண்டும். அந்தப் போன் பேரனுடையது, பேரன் ஒயிட்ஃபீல்டில் வேலைக்குப் போயிருப்பான். ராத்திரி பத்து மணிக்கு அவன் வந்தபிறகுதான் தரவு ஏறும், அதுவும் அவனுக்கு நினைவிருந்தால்.

கேள்வி கேட்கும் வாட்ச்

இதுதான் காகிதத்தில் மிக அழகான வழி. அசைவை அளக்கும் வாட்சே நேரத்துக்கு நேரம் ஒலியெழுப்பி, "இப்போது வலி எவ்வளவு?" என்று கேட்கும், விரலால் தொட்டுப் பதில் சொல்லலாம். அமெரிக்காவில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்காரர்கள் சாம்சங் கியர் வகை வாட்சுகளை வைத்து இப்படி ஒரு அமைப்பை உருவாக்கினார்கள். வலியும் அசைவும் ஒரே நிமிடத்தில் ஒரே இடத்தில் பதிவாகும். ஆய்வாளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

வேண்டியது ஒரு மென்பொருள் குழு. 2021ல் சாம்சங் தன் வாட்சுகளை டைசன் என்ற இயங்குதளத்திலிருந்து வேர் ஓஎஸ்ஸுக்கு மாற்றியது. பழையதற்கு எழுதிய செயலி புதியதில் அப்படியே ஓடாது. பெரிய பல்கலைக்கழகம் அதைத் தாங்கும், மூன்று பேர் சேர்ந்த குழு தாங்காது. பயனர் பக்கம் பார்த்தால், தினமும் அல்லது ஒன்றுவிட்டு ஒருநாள் சார்ஜ் போட வேண்டும். ஒரே அறை வீட்டில் ஒரே பிளக். அதில் மருமகள் போன், பேரன் போன், கொசுவத்தி மெஷின். கண்புரை உள்ளவருக்கு அந்தத் திரையில் எழுத்து தெரியாது. மாவு பிசைந்த விரலுக்குத் தொடுதிரை மசியாது. பெங்களூர்த் தமிழருக்கு இன்னொரு சங்கடம் உண்டு: வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம் அல்லது இங்கிலீஷ் அல்லது பள்ளியே இல்லை. திரையில் எந்த மொழியில் எழுதினாலும் சிலருக்கு எட்டாது. தமிழ்க் குரல் சேர்த்துச் செய்யலாம்தான். செய்து முடிக்கும் வரை உங்கள் பண ஒதுக்கீடு காத்திருக்குமா என்பதுதான் கேள்வி.

பேசாத பெட்டி

திரை இல்லை, மணி காட்டாது, ஒலி எழுப்பாது, போனோடு சேர்க்கவும் வேண்டாம். மூன்று திசையிலும் அசைவைப் பதிந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஆக்சிவிட்டி நிறுவனத்தின் ஏஎக்ஸ்3 இப்படிப்பட்டது. எடை 11 கிராம். வினாடிக்கு 100 தடவை பதிந்தாலும் ஏறத்தாழ இரண்டு வாரம் ஓடும். பிரிட்டன் பயோபேங்க்கில் 2013 முதல் 2015 வரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையில் ஏழு நாள் கட்டியது இதைத்தான். தரவை இறக்கும் மென்பொருள் இலவசம். அலசுவதற்கு ஆர் என்ற நிரல்மொழியில் ஜிஜிஐஆர் என்ற தொகுப்பு இருக்கிறது, அதுவும் இலவசம், என்ன கணக்குப் போடுகிறது என்பதும் திறந்தே கிடக்கிறது.

ஆக்டிகிராஃப் இதற்கு மூத்தது. அமெரிக்காவின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பு 2003 முதல் 2006 வரை இடுப்பிலும், 2011 முதல் 2014 வரை மணிக்கட்டிலும் கட்டியது அதைத்தான். பழைய ஆய்வுகளோடு ஒப்பிட வேண்டுமென்றால் அதற்குத்தான் மவுசு. அதன் கணக்கிடும் முறைகூட 2022ல் வெளியிடப்பட்டுவிட்டது. ஆனால் விலை கூடுதல், மென்பொருளுக்குத் தனியே உரிமக் கட்டணம். சின்னக் குழுவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கட்டும்போது பெரியவர்கள் கேட்பது, "ஏன் கண்ணு, இதுல டைம்கூடத் தெரியாதா?" தெரியாது பாட்டி என்றால் முகம் சற்று வாடும், பிறகு மறந்துவிடுவார். அந்த மறதிதான் நமக்கு வேண்டியது. பாத்திரம் கழுவலாம், குளிக்கலாம், படுக்கலாம். சார்ஜர் என்ற பேச்சே இல்லை. முட்டி வீங்கிய நாளிலும் அது கையிலேயே கிடக்கும்.

எந்தக் கையில் கட்டுவது என்பது சின்ன விஷயம்போலத் தெரியும். கண்ணாடி வளையல் அடுக்கியிருக்கும் கையில் வளையலுக்கும் முழங்கைக்கும் நடுவே கட்டினால் பட்டை ஏறிப்போய்விடும், வளையலுக்குக் கீழே கட்டினால் ஒவ்வொரு அசைவிலும் வளையல் வந்து இடிக்கும். வளையலைக் கழற்றச் சொல்லவே கூடாது, அது வேறு பேச்சுக்குப் போய்விடும். குறைவாக வளையல் இருக்கும் கையைக் கேட்டு, அதையே எல்லா நாளும் வைத்துக்கொண்டு, எந்தக் கை என்று குறித்துவைத்தால் போதும். ஆண்கள் வாட்ச் கட்டிய கையை விட்டு மறுகையில் கட்டிக்கொள்வார்கள்.

இனி இதன் குறைக்கு வருகிறேன், சின்னக் குறையில்லை. டிசம்பர், ஜனவரியில் பெங்களூர் வீடுகளில் அவரைக்காய்க் காலம். ஊறவைத்த அவரைப் பருப்பைக் குவித்துவைத்துக்கொண்டு, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு விரலால் தோலைப் பிதுக்கிப் பிதுக்கித் தள்ளுவார்கள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் கை ஓயாது. முட்டி அசையவே இல்லை. மணிக்கட்டுக் கருவி அதைச் சுறுசுறுப்பான ஒரு மணி நேரம் என்று எழுதும். பூக் கட்டுவது, தேங்காய் துருவுவது, கீரை ஆய்வது எல்லாம் இப்படித்தான். மேலை நாடுகளில் இளவயதினரை டிரெட்மில்லில் ஓடவிட்டு வகுத்த வரம்புகளை, நம் பாட்டியின் மணிக்கட்டில் அப்படியே வைத்து, இது மிதமான உழைப்பு, இது கடினம் என்று பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முட்டிவலிக்கும் நடமாட்டத்துக்கும் உள்ள தொடர்பைத் தேடும் ஆய்வில் இது நேரடியான தவறு.

பஸ் குலுக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 ஜூனில் சக்தி திட்டம் வந்து பெண்களுக்கு அரசு பஸ் இலவசமான பிறகு, கோயிலுக்கும் மகள் வீட்டுக்கும் போய்வருவது பல பாட்டிகளுக்கு எளிதாகிவிட்டது. நல்ல விஷயம். பிஎம்டிசி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போன முக்கால் மணி நேரம் தரவில் என்னவாகத் தெரிகிறது என்று ஒருமுறை நீங்களே கட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

தொடையில் ஒட்டுவது

முட்டிவலிக்கு மிக நேர்மையான இடம் தொடைதான். தொடை கிடையாக இருந்தால் உட்கார்ந்திருக்கிறார் அல்லது படுத்திருக்கிறார், நேராக இருந்தால் நிற்கிறார். கிளாஸ்கோவில் உருவான ஆக்டிவ்பால் இதை வைத்தே பெயர் வாங்கியது. அடியைவிட முக்கியமான ஒரு கணக்கை இது தருகிறது: ஒரு நாளில் எத்தனை தடவை உட்கார்ந்து எழுந்தார் என்பது. முட்டி தேய்ந்தவரைக் கேட்டுப் பாருங்கள், நடப்பதைவிட எழுவதுதான் உயிர் போகிறது என்பார். வலி கூடும்போது அவர் முதலில் குறைப்பதும் அதைத்தான். தண்ணீர் வேண்டுமென்றாலும் எழாமல், யாராவது அந்தப் பக்கம் வரட்டும் என்று காத்திருப்பார். இந்தச் சுருக்கத்தைத் தொடை சென்சார் பிடிக்கும். மணிக்கட்டுக்குத் தெரியவே தெரியாது.

சிரமம் ஒட்டுவதில். கண்ணாடி போன்ற மருத்துவ ஒட்டுப்படலம் போட்டுத் தொடையின் முன்பக்கம் ஒட்ட வேண்டும். பெண்களுக்குப் பெண் பணியாளர்தான் போக வேண்டும், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை வேண்டும், மர்பி டவுன் சந்து வீடுகளில் அந்த அறையே பெரிய கேள்வி. வயதானவர்கள் தோல் மெல்லியது, பிரிக்கும்போது உரியலாம். அரிப்பு வந்தால் அவர்களே பிய்த்துப் போட்டுவிடுவார்கள், அதில் நியாயம் இருக்கிறது. இன்னொன்று: நாற்காலியில் உட்காரும் மனிதரை நினைத்துச் செய்த கணக்கு இது. குத்தவைத்து உட்காருவது, மண்டியிட்டுத் தரை துடைப்பது, இந்தியன் டாய்லெட் போன்ற நிலைகளில் தொடையின் சாய்வு இரண்டுங்கெட்டானாக நிற்கும், கருவி குழம்பும். எத்தனை பேர் தரையில் புழங்குகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் தொடைத் தரவை நம்ப வேண்டாம்.

இடுப்பில் மாட்டுவதைப் பற்றி நீட்டவில்லை. புடவைக் கொசுவத்தில் கிளிப் நிற்காது, வேட்டியில் அதைவிட மோசம், ராத்திரி கழற்றிவைத்தால் தூக்கக் கணக்கு போச்சு.

வலியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்

எதை வாங்கினாலும் வலியை அளக்கும் சென்சார் என்று ஒன்று கிடையாது. துடிப்பு, வியர்வை, அசைவு எல்லாம் சுற்றுவழிதான். ஆகையால் எதை வாங்குவது என்ற கேள்விக்குள் எப்படிக் கேட்பது என்ற கேள்வியும் ஒளிந்திருக்கிறது. வாரக் கடைசியில், "போன வாரம் வலி எப்படி இருந்தது?" என்று கேட்டால் வரும் பதில், அந்த வாரம் அவ்வப்போது கேட்டு எடுத்த சராசரியைவிடப் பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும். உச்சத்தில் இருந்த வலியும் கடைசியில் இருந்த வலியும்தான் நினைவில் நிற்கின்றன.

வாட்ச் கேட்க வேண்டாம் என்றால் யார் கேட்பது? சாதாரணப் போனில் ஒரு மனிதர்தான். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை, வேளைக்குள் நேரத்தை மாற்றி மாற்றி அழைப்பது. எப்போதும் ஒன்பது மணிக்கே அழைத்தால், மாத்திரை போட்டுக் காபி குடித்து உட்கார்ந்திருக்கும் வலியே நமக்குக் கிடைக்கும். "பத்துக்கு எவ்வளவு போடுவீங்கம்மா?" என்றால் பெரும்பாலானவர்களுக்குப் பிடிபடும், பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும்கூட. சிலர், "அது பாட்டுக்கு இருக்கு" என்பார்கள். அவர்களிடம் நேற்றைவிடக் கூடவா குறைவா என்று மட்டும் கேட்டால் போதும். கோலார் தங்கவயல் சுரங்கம் 2001ல் மூடிய பிறகு இங்கே பிள்ளைகளோடு வந்து தங்கிய பெரியவர்கள் இருக்கிறார்கள். பூமிக்கடியில் வேலை பார்த்த அந்த ஆட்கள் சும்மா இரண்டு, மூன்று என்றுதான் போடுவார்கள், நொண்டிக்கொண்டே. அவர்களுடைய இரண்டை இன்னொருவருடைய ஐந்தோடு ஒப்பிடாமல், அவரவரை அவரவர் நேற்றோடு ஒப்பிடுவதுதான் சரி. மாத்திரை போட்டாரா, தைலம் தேய்த்தாரா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிட வேண்டும்.

இதிலும் ஒரு விலை இருக்கிறது. தனியாக இருக்கும் ஒருவருக்கு அந்த மூன்று போன்தான் அன்றைய பேச்சு. நான்காம் நாளே, "நீ கூப்பிட்டா வலி தெரியலைம்மா" என்பார். அதைத் தவிர்க்க முடியாது. பேசும் நிமிடத்தைச் சுருக்கி, ஒரே ஆள் ஒரே மாதிரி கேட்டால் பாதிப்பு எல்லோருக்கும் ஒன்றுபோல இருக்கும்.

டிமென்ஷியா முற்றியவர்களிடம் இந்த எண் செல்லாது. முகச்சுளிப்பு, முனகல், மூச்சு இவற்றைப் பார்த்து மதிப்பெண் போடும் பெய்னாட் போன்ற அளவுகோல் 2003 முதல் இருக்கிறது. அதற்குப் பயிற்சி பெற்றவர் நேரில் இருக்க வேண்டும், போனில் ஆகாது. முதல் ஆய்விலேயே அவர்களைச் சேர்க்காமல் இருப்பது நல்லது.

நினைவும் கவனமும்

இங்கே சென்சாருக்கு வேலை கொஞ்சம்தான். நினைவையும் கவனத்தையும் சோதிக்க 2005ல் வந்த மோக்கா சோதனைக்குத் தமிழ் வடிவம் உண்டு, 30 மதிப்பெண், பத்து நிமிடம். நடத்துகிறவருக்குப் பயிற்சிச் சான்று வேண்டும். 12 ஆண்டோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக்கொடுக்கச் சொல்கிறார்கள். பள்ளி வாசலையே மிதிக்காத பாட்டிக்கு அந்த ஒன்று எந்த மூலைக்கு? எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடு போடும் பகுதியில், தமிழ் பேசிக் கன்னடம் மட்டும் படிக்கத் தெரிந்தவர் தோற்றால் அது மூளையின் தோல்வி இல்லை.

எத்தனை மொழி புழங்குகிறார் என்பதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் ஐதராபாத்தில் 648 டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்து 2013ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்களைவிட இரு மொழி தெரிந்தவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. அல்சூர் மார்க்கெட்டில் தமிழில் பேரம், கன்னடத்தில் பஸ், உருதில் பக்கத்து வீடு என்று வாழ்ந்தவரை ஒற்றை மொழிக்காரர்களுக்கு வகுத்த அளவோடு வைத்துப் பார்ப்பது சரியாகாது.

சென்சார் உதவுவது நடையில். பத்து மீட்டர் தூரம் முதலில் சும்மா நடக்கச் சொல்லுங்கள், பிறகு காய்கறிப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே வேகம் எவ்வளவு குறைகிறது, அடி எவ்வளவு ஒழுங்கு கெடுகிறது என்பதைத் தொடையில் இருக்கும் கருவி நன்றாகப் பதிந்துவிடும். பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடும் முதியோர் பின்னால் விழும் வாய்ப்பு அதிகம் என்று ஸ்வீடனில் 1997லேயே காட்டியிருக்கிறார்கள். இது படிப்பைக் கேட்காத சோதனை, அதனால் எனக்குப் பிடித்தமானது. வலியும் கவனமும் ஒரே காலில் சந்திக்கும் இடமும் இதுதான். வீட்டுக்குள் பத்து மீட்டர் கிடைக்காது. தெருவில் வைத்தால் ஸ்கூட்டர் வரும். கல்யாண மண்டபமோ, பள்ளி வராந்தாவோ கேட்டு வாங்க வேண்டும்.

நாளுக்கு நாள் மாறும் கவனத்தைப் பார்க்க, இரவுப் போனில் சில இலக்கங்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லலாம். பெங்களூர்க்காரர் பலர் போன் நம்பரை இங்கிலீஷில்தான் சொல்வார்கள். எந்த மொழி இலக்கம் வேண்டும் என்று முதல் நாளே கேட்டு, கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவது

ஏஎக்ஸ்3 வாங்குங்கள், அதை இரண்டு இடத்திலும் பயன்படுத்துங்கள். தொடைக்கென்று தனிக் கருவி கட்டாயமில்லை. நார்வேயில் நடந்த ஹண்ட்4 ஆய்வில் இதே கருவியைத் தொடையிலும் கீழ்முதுகிலும் ஒட்டித்தான் அளந்தார்கள். எல்லோருக்கும் மணிக்கட்டில் இரண்டு வாரம். சம்மதிப்பவர்களுக்கு மட்டும், அதில் முதல் ஒரு வாரம் தொடையில் இன்னொன்று. பாதிப் பேர் சம்மதித்தாலே, மணிக்கட்டு எங்கெல்லாம் பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும், அதை வைத்து மற்றவர்கள் தரவையும் எச்சரிக்கையாகப் படிக்கலாம். மிச்சப்படும் பணத்தைப் போனில் பேசும் ஆளுக்குச் சம்பளமாகக் கொடுங்கள். கருவிக்கு ஒதுக்கியதைவிட அந்தச் சம்பளம் கூடுதலாக வந்தாலும் பரவாயில்லை என்பேன்.

தரவைப் படிக்கும்போது ஓர் இடத்தில் நிதானம் வேண்டும். நீண்ட நேரம் அசைவே இல்லையென்றால் கழற்றிவைத்துவிட்டார் என்று மென்பொருள் முடிவுகட்டும். டிவி முன்னால் கையை மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தவரும் அதற்கு அப்படித்தான் தெரிவார். வலி கூடிய நாளில் அசையாத மணி நேரங்கள் கூடும், அவற்றை வெட்டி எறிந்துவிட்டால் கையில் இருப்பது சுறுசுறுப்பான துண்டுகள் மட்டும். ஏஎக்ஸ்3யில் வெப்பமானி உண்டு. கையில் இருக்கும் கருவிக்கும் மேசையில் கிடக்கும் கருவிக்கும் சூடு வேறு. பெங்களூர்க் குளிரில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதையும் பாருங்கள், இரவுப் போனில், "இன்னைக்குக் கழட்டுனீங்களா?" என்றும் கேளுங்கள்.

சம்மதம் வாங்கும்போது பெரியவர்கள் கேட்பது இரண்டு. நாங்க பேசறதை இது கேட்குமா, எங்க போறேன்னு தெரியுமா. இந்தப் பெட்டியில் மைக்கும் இல்லை, இடம் காட்டும் வசதியும் இல்லை என்பதால் இரண்டுக்கும் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம். கடை வாட்சில் அப்படிச் சொல்ல முடியாது, தரவு எந்த நாட்டு சர்வரில் போய் உட்காருகிறது என்பதையும் சேர்த்து விளக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளும், 2023ன் தனிநபர் தரவுச் சட்டமும் புரியும் மொழியில் சொல்லிச் சம்மதம் வாங்கவே சொல்கின்றன. மகன் கையெழுத்துப் போட்டால் போதாது.

இந்த முடிவு இரண்டு வார ஆய்வுக்கானது. ஓராண்டு பின்தொடர வேண்டும், மழைக்காலத்தையும் வெயிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் பேசாத பெட்டி ஒத்துவராது. இரண்டு வாரத்துக்கொரு முறை யார் போய் மாற்றிக்கட்டுவது? அப்போது கடைப் பட்டைதான், அதிலும் ஒரு சார்ஜில் பத்து நாளாவது ஓடுவதாக, அடி எண்ணைத் திரையிலிருந்து மறைக்க முடிவதாகப் பார்த்து வாங்குங்கள். தடி பிடிப்பவர்களுக்கு அதன் அடி எண்ணிக்கையைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள், தூக்க நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் போடும் பொறுப்பை வீட்டில் யாரிடமாவது பேசி முடித்துவிட்டுக் கட்டுங்கள். பெரும்பாலும் அது மருமகளாகத்தான் இருக்கும், அவர் சம்மதத்தையும் கேட்டுக்கொள்வது நல்லது.